பாட்டுக்காரருக்குப் பின்னால் யார்? கடலூர், புதுச்சேரி மேடைக்கு எந்தக் குழுவைக் கேட்டுப் பழகலாம்

தை பிறந்தால் கல்யாண வரவேற்புகள், மாசி பங்குனியில் திருவிழா மேடைகள், ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு செடல் என்கிற அம்மன் திருவிழா. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களுக்கு வருஷம் இப்படித்தான் ஓடும். ஜூன் 21 அன்று புதுச்சேரியில் நடக்கிற பிரெஞ்சு இசைத் திருநாளில் தெருவோர மேடை வேறு கிடைக்கும். ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் புதிதாகக் குழு சேர்க்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாடுவதற்கு ஆள் தயாராக இருப்பார். பின்னால் நின்று வாசிக்கிறவர்கள் எப்படி இருக்க வேண்டும், எத்தனை பேர், யாரைக் கேட்டுப் பழகுவது என்பதில்தான் இழுபறி.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவைப் பற்றி நெல்லிக்குப்பத்து டிரம்மர் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நாங்க ஸ்பிரிங்ஸ்டீன் பைத்தியம். ஈ ஸ்ட்ரீட் பேண்ட் மாதிரி ஒம்பது பேரா நிக்கலாம்னு இருக்கோம்." வேன் வாடகையைப் பற்றி நான் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பின்னால் நின்ற குழுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்தவை. நமக்கு எது ஒத்துவரும் என்பதுதான் விஷயம். எது உசத்தி என்கிற சண்டை டீக்கடைக்கு இருக்கட்டும்.

நம்ம மேடையின் நிலவரம் என்ன? வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர். பாடுகிறவர்கள் ஒரே ஆள் இல்லை. ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல், நடுவில் மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கை வாங்கி ஒரு பழைய பாட்டு. ஒத்திகைக்கு நேரம் கிடையாது. கீழேயிருந்து துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி வரும். சவுண்ட் பார்ட்டி நல்லவராக அமைந்தால் மானிட்டர் ஸ்பீக்கர் கிடைக்கும். இல்லையென்றால் பக்கத்து ஆள் வாசிப்பதே காதில் விழாது. இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் அந்தத் தம்பியின் ஆசையையே எடுப்போம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் பின்னால் நிற்கும் ஈ ஸ்ட்ரீட் பேண்ட், 1972இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சேர்ந்த கூட்டம். குழுவின் பழைய கீபோர்டு கலைஞர் டேவிட் சான்சியஸின் அம்மா பெல்மார் என்ற கடலோர ஊரில் குடியிருந்த தெருவின் பெயர்தான் குழுவின் பெயர். ராய் பிட்டன் பியானோவில் மேலே ஓடுவார், டேனி பெடரிசி ஆர்கனைக் கீழே நீளமாகப் பிடித்து வைத்திருப்பார், கிளாரன்ஸ் கிளெமன்ஸ் சாக்சபோனை எடுத்தால் கூட்டம் எழுந்து நிற்கும். 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிடம் வாசித்தார்கள். ரசிகர்கள் அட்டையில் பாட்டின் பெயரை எழுதித் தூக்கிக் காட்ட, ஸ்பிரிங்ஸ்டீன் அதில் ஒன்றைப் பிடுங்கி வந்து, ஒத்திகை பார்க்காத பாட்டைக்கூட அங்கேயே தொடங்கிவிடுவார். நம்ம துண்டுச் சீட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்க எனக்கும் ரொம்பப் பிடித்த குழு. ஆனால் நாலு பேர் குழுவுக்கு இது முன்மாதிரி ஆகாது. அந்த ஒலியே கூட்டத்தால் உண்டானது. ஆள் குறைந்தால் அது சுருங்கிய ஈ ஸ்ட்ரீட் ஆகாது, வெறும் இரைச்சல்தான் ஆகும். அதோடு அது ஒரே பாடகரின் கையசைவுக்குப் பழகின குழு. 1989இல் ஸ்பிரிங்ஸ்டீன் இவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆட்களோடு போனார். 1999இல் திரும்ப அழைத்தார். அதே 1999இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் மட்டும் ஏறியது. பின்னால் நின்றவர்கள் ஏற 2014 ஆகிவிட்டது. கிளெமன்ஸும் பெடரிசியும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

அடுத்தது தி பேண்ட். கனடாக்காரர்கள் நாலு பேர்: ராபி ராபர்ட்சன், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மேனுவல், கார்த் ஹட்சன். அமெரிக்காவின் ஆர்கன்சாவிலிருந்து ஒருவர்: டிரம்மர் லெவான் ஹெல்ம். ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பின்னால் வருஷக்கணக்கில் இரவு விடுதிகளில் வாசித்துத் தேய்ந்தவர்கள். அதுவரை நாட்டுப்பாட்டுப் பாடகராக அறியப்பட்ட பாப் டிலன் 1965இல் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறக் கிளம்பியபோது இவர்களைக் கூட்டிக்கொண்டார். நாட்டுப்பாட்டு ரசிகர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. ஊருக்கு ஊர் கூச்சல். தாங்க முடியாமல் ஹெல்ம் அந்த வருஷமே விலகி எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டார். 1966 மே மாதம் மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் டிலனைப் பார்த்து "யூதாஸ்" என்று கத்தினார். பின்னால் நின்றவர்கள் வாசிப்பை விடவில்லை. அடுத்த பாட்டை இன்னும் சத்தமாக எடுத்தார்கள்.

1976 நவம்பர் 25 அன்று சான்பிரான்சிஸ்கோவில் இவர்கள் கொடுத்த விடைபெறும் கச்சேரியைக் கேட்டுப் பாருங்கள். மடி வாட்டர்ஸ், வேன் மாரிசன், ஜோனி மிட்செல், நீல் யங், டிலன் என்று ஒவ்வொருவராக மேடைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் குழு மாதிரியே இவர்கள் மாறிக்கொள்கிறார்கள். நம்ம மேடையும் பாடகர் மாறிக்கொண்டே இருக்கும் மேடைதான். பின் ஏன் இவர்களை முதலிடத்தில் வைக்கவில்லை என்றால், இந்தக் குழுவில் டாங்கோ, மேனுவல், ஹெல்ம் மூவரும் தரமான பாடகர்கள். வாசித்துக்கொண்டே பாடுவார்கள். கார்த் ஹட்சன் ஆர்கனிலிருந்து அக்கார்டியனுக்கும் சாக்சபோனுக்கும் தாவுவார். உங்கள் பேஸ் கிட்டார்காரர் வாசிப்பு பிசகாமல் இரண்டாம் குரல் பாடுவாரா? பாடுவார் என்றால் தாராளமாக இந்த வழியில் போங்கள். நம்ம பக்கம் அப்படி ஆள் கிடைப்பது அபூர்வம்.

கிரேஸி ஹார்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீல் யங்குக்குப் பின்னால் 1969 முதல் விட்டுவிட்டு நிற்கும் குழு. பில்லி டால்பாட் பேஸ், ரால்ப் மொலினா டிரம்ஸ். முதல் கிட்டார்காரர் டேனி விட்டன் 1972இல் இறந்தபின், 1975இல் பிராங்க் சாம்பெட்ரோ வந்தார். வித்தைகாட்டல் எதுவும் கிடையாது. இரண்டு கோர்டில் பத்து நிமிடம் போவார்கள், அசையாமல். சொந்தப் பாட்டு எழுதுகிற ஒருவர், அவரோடு வாசிக்க இப்போதுதான் பழகும் மூன்று நண்பர்கள், மேடை புதுச்சேரி கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். செடல் மேடையில் இது எடுபடாது. இடையிசை வரும் இடத்தில் இடையிசை வராவிட்டால் கல்லெறிய மாட்டார்கள், ஆனால் எழுந்து போய்விடுவார்கள்.

தாளத்துக்கு வருவோம். இங்கே இரண்டு குழுக்களைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

அமெரிக்க பங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் எல்லாமே முதல் தட்டில் விழும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஊதுகருவிகள் எல்லாம் அந்த ஒன்றில் சேர்ந்து இறங்கி, அப்புறம் தனித்தனியே பிரியும். சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டில், அழுத்தம் வைத்துப் பழகின நம்ம காதுக்கு இது உடனே பிடிபடும். கிளைட் ஸ்டபில்பீல்டும் ஜாபோ ஸ்டார்க்ஸும் டிரம்ஸ், மேசியோ பார்க்கர் சாக்சபோன், பிரெட் வெஸ்லி டிராம்போன். ஆடிக்கொண்டிருக்கும்போதே பிரவுன் கையால் ஒரு வெட்டு வெட்டுவார். குழு அந்த நொடியில் நிற்கும். தப்பாக வாசித்தால் அபராதம். ஷூ பளபளக்காவிட்டாலும் அபராதம். இந்தக் கெடுபிடிக்கு விலையும் உண்டு. 1970 மார்ச்சில் சம்பளத் தகராறில் பழைய ஆட்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற, சின்சினாட்டியிலிருந்து புதுப் பையன்களை விமானத்தில் வரவழைத்தார் பிரவுன். அதில் பேஸ் வாசித்த பூட்சி காலின்ஸுக்கு அப்போது 18 வயது.

ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லிக்குப் பின்னால் நின்ற பாரெட் சகோதரர்களோ அந்த முதல் தட்டையே காலியாக விட்டார்கள். தம்பி கார்ல்டன் டிரம்ஸ், அண்ணன் ஆஸ்டன் பேஸ். எல்லோரும் அவரை பேமிலிமேன் என்றே கூப்பிடுவார்கள். நாலு தட்டில் பேஸ் டிரம் மூன்றாவதில்தான் விழும். பாட்டின் மெட்டைப் பாதி சுமப்பது பேஸ் கிட்டார். குரலுக்கு ஐ-த்ரீஸ் என்று மூன்று பெண்கள்: ரீட்டா மார்லி, மார்சியா கிரிபித்ஸ், ஜூடி மோவாட். நம்ம டிரம்மர்கள் இதை எடுத்தால் முதல் நாள் கை தானாக ஒன்றில் போய் விழும். பழகிய பிறகு பாருங்கள், பாடுகிறவருக்கு எத்தனை இடம் கிடைக்கிறதென்று.

குத்துப்பாட்டே பிரதானம், கண்டிப்பான தலைவர் ஒருவர் இருக்கிறார் என்றால் ஜேம்ஸ் பிரவுன் வழி. செரினிட்டி பீச் பக்கம் திறந்தவெளியில் வாசிக்கிறீர்கள், பேஸ்காரர் கெட்டிக்காரர் என்றால் பாரெட் வழி. இரண்டுமே முழு ராத்திரிக்குப் போதாது. இளையராஜா பாட்டுக்கு நடுவில் ஒரு எம்எஸ்வி, அதற்கப்புறம் போன வாரம் வந்த பாட்டு என்று தாவுகிற நிகழ்ச்சிக்கு ஒரே நடை உதவாது.

அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் குழுவான ஹார்ட்பிரேக்கர்ஸையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 1986, 87இல் டிலனுக்கும், 1996இல் வந்த ஒரு ஆல்பத்தில் ஜானி கேஷுக்கும் பின்னால் நின்று, இரண்டிலும் தங்கள் முகத்தைக் காட்டாமல் வேலை முடித்தவர்கள். என் பட்டியலில் இரண்டாமிடம்.

முதலிடம் புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ். நாலே பேர். புக்கர் டி ஜோன்ஸ் ஆர்கன், ஸ்டீவ் கிராப்பர் கிட்டார், டக் டன் பேஸ், அல் ஜாக்சன் டிரம்ஸ். மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவின் நிரந்தரக் குழு. பழைய சினிமா கொட்டகை ஒன்றைத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். கொட்டகைத் தரை சரிவாகவே இருந்தது. (நாம் தியேட்டரை இடித்தால் கல்யாண மண்டபம் கட்டுவோம். அதிலும் நமக்குக் கச்சேரி கிடைக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.) கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர். நிறவெறி உச்சத்தில் இருந்த ஊரில் அறுபதுகளில் அது சின்ன விஷயமில்லை. டன் சேருவதற்கு முன்பே, 1962இல், தாங்களாகவே ஒரு வாத்திய இசைத்தட்டு போட்டு வெற்றியும் கண்டார்கள். ஆனாலும் அன்றாட வேலை மற்றவர்களுக்கு வாசிப்பதுதான்: ஓட்டிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ், வில்சன் பிக்கெட்.

இவர்கள் வாசிப்பதை உற்றுக் கேட்டால் முதலில் காதில் படுவது, வாசிக்காமல் விடும் இடங்கள். கிராப்பர் பாடகரின் வரி ஓடும்போது ஒதுங்கியிருப்பார். வரி முடிந்து மூச்சு எடுக்கிற இடத்தில் இரண்டு தந்தியில் ஒரு சின்னப் பதில் வைப்பார். அடுத்த வரி தொடங்குவதற்குள் கையை எடுத்துவிடுவார். சாம் அண்ட் டேவின் 1967 பாட்டு ஒன்றில், அந்தப் பதிலைக் கேட்ட சந்தோஷத்தில் சாம் மூர் பாட்டுக்கு நடுவிலேயே "வாசி ஸ்டீவ்" என்கிறார். அது அப்படியே இசைத்தட்டில் இருக்கிறது. எந்தக் கிட்டார்காரருக்கும் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

டிரம்மர்கள் கேட்க வேண்டியது அல் ஜாக்சனை. 1965இல் வில்சன் பிக்கெட்டின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்யும்போது தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் ஸ்டுடியோவுக்குள் வந்து, அப்போது இளசுகளிடம் பரவியிருந்த ஒரு நடன அசைவை ஆடிக் காட்டினார். அதற்கு ஏற்ப இரண்டாம், நாலாம் தட்டைத் துளி தாமதித்து வைத்தார்கள். தாளம் தள்ளாது; சாய்ந்து நிற்கும். நம்ம மேடையில் பெரும்பாலும் நடப்பது இதற்கு எதிர். கூட்டம் விசிலடித்ததும் டிரம்மர் ஓட ஆரம்பிப்பார். சரணத்துக்குள் வேகம் ஏறி, பாடகி கடைசி வரியில் மூச்சுத் திணறுவார். பாட்டு முடிந்து டிரம்மரைக் கேட்டால் "மூட் ஏறிடுச்சு" என்பார். ஜாக்சனை ஒரு மாதம் கேட்டால் இந்த வியாதி குறையும்.

ஒரே குழு எத்தனை குரலுக்கு ஈடுகொடுத்தது பாருங்கள். 1967 ஜூனில் மான்டரே விழாவில், ஊதுகருவி வாசித்த மார்-கீஸோடு சேர்ந்து ஓட்டிஸ் ரெடிங்குக்குப் பின்னால் நின்றார்கள். அதுவரை அவரை அறியாத வெள்ளைக்கார இளைஞர் கூட்டம் அன்றோடு அவர் பக்கம் வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் ரெடிங் இறந்தார். சில நாள் முன்னால் பதிவான அவருடைய துறைமுகப் பாட்டுக்கு அலைச் சத்தத்தையும் கடற்பறவைக் குரலையும் சேர்த்து முடித்துக் கொடுத்தவர் கிராப்பர்தான். ஜாக்சன் 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும், 1992இல் டிலனின் முப்பதாண்டு விழாக் கச்சேரியில் வந்த பாடகர்களுக்கெல்லாம் பின்னால் நிற்கக் கூப்பிட்டது இந்தக் குழுவைத்தான். அடுத்த வருஷம் நீல் யங் தன் பயணத்துக்கு இவர்களைக் கூட்டிப் போனார்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். "அண்ணே, அவங்க வாசிச்சது அவங்க பாட்டு. நாங்க வாசிக்கிறது ராஜா சார் பாட்டு. முப்பது வயலின் வாசிச்சதை நாலு பேர் எப்படி?" உண்மைதான். நம்ம கூட்டத்துக்கு முன்னிசை ஒரு பிட் மாறினாலும் தெரிந்துவிடும். ஆனால் கூட்டம் அடையாளம் கண்டுபிடிப்பது முப்பது வயலினாலா என்று யோசியுங்கள். ஒரு புல்லாங்குழல் வரி, ஒரு கிட்டார் இழுப்பு, பேஸ் ஓடுகிற ஓட்டம், அவ்வளவுதான். ராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸ் தனி மெட்டாகவே போகும். அதை எடுத்துவிட்டுக் கீபோர்டு இடது கையில் வெறும் ஆதார சுரம் வைத்தால் பாட்டின் உயிர் போய்விடும். ஆகவே பாட்டுக்கு ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அட்சரம் பிசகாமல் வாசியுங்கள். மீதியை விடுங்கள். கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் டோனைப் போட்டு இரண்டு கையாலும் நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் நம்ம வட்டாரக் குழுக்களின் பொது வியாதி. பாடகர் குரல் இல்லாமல் பதிவான மைனஸ் டிராக்கை ஓடவிட்டு அதன் மேல் வாசிப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது வேறு தொழில்.

விட்டு வாசிப்பதில் நம்ம ஆட்களும் சளைத்தவர்களில்லை. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்தை நிறுத்துகிற இடத்துக்காகவே கேட்டவர்கள் உண்டு. மைக் இல்லாத கச்சேரி வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததும் அந்தக் காதின் காரணமாகத்தான். மெல்லிசை மேடையிலேயே உதாரணம் வேண்டுமென்றால், எஸ்பிபி தொடக்க நாட்களில் நடத்திய குழுவில் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்கள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் சகோதரர்கள். ஒரு பாடகர் எந்த இடத்தில் மூச்சு எடுப்பார், எங்கே பிடித்துக்கொள்ள சுரம் தேடுவார் என்பதை அந்த வயதிலேயே பக்கத்தில் இருந்து பார்த்த இளையராஜா, பிற்பாடு அதே குரலுக்கு மெட்டமைத்தார்.

எம்ஜிஸ் வழியில் இறங்குகிறவர்கள் முதலில் சுருதியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பாடகி மேடையேறிய பிறகு "அரைக் கட்டை இறக்குங்க" என்பார். கீபோர்டுகாரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார். பேஸ்காரர் பாவம், பழைய இடத்திலேயே விரலை வைத்திருப்பார். முதல் சுரத்திலேயே ரம்பம். பட்டனைத் தொடுவதில்லை என்று நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வருகிற பாட்டுகளை ஒவ்வொரு பாடகருக்கும் என்ன கட்டையில் வாசிப்பது என்று நோட்டில் எழுதி, அந்தக் கட்டையிலேயே விரல் பழகட்டும்.

ஒத்திகையில் இன்னொன்று. பாடகரை மைக் இல்லாமல் பாடச் சொல்லி, அவர் குரல் நாலு பேருக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும் வாசியுங்கள். டிரம்மருக்குக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது வேதனையாக இருக்கும். இருக்கட்டும். மானிட்டர் இல்லாத மண்டபத்தில் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நாலு பேர் போதும் என்று சொன்னேன். அட்வான்ஸ் கொஞ்சம் கூடுதலாகப் பேசி ஐந்தாவது ஆளுக்குக் காசு மிஞ்சினால் இன்னொரு கிட்டார் வேண்டாம். தபலாவும் டோலக்கும் வாசிக்கிற ஒருவரைச் சேருங்கள். எண்பதுகளின் பாட்டுகளுக்கு எலெக்ட்ரானிக் பேடில் தட்டுகிற தபலா எத்தனை நல்ல கருவியானாலும் டப்பா மாதிரித்தான் கேட்கிறது. ஆறாவது புல்லாங்குழல். சாக்சபோன் ஆசையை நெல்லிக்குப்பத்துத் தம்பி ஏழாவது ஆளுக்கு ஒத்திப்போடலாம். அதற்குள் வேனும் பெரிசாக எடுக்க வேண்டியிருக்கும்.